நன்றாக எழுதியிருக்கிறாய்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த அன்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'காங்கிராட்ஸ்' குவிந்துவிட்டது. மூன்றாவது மாடிப் பெண் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்தவள். குழுவில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் அவளுக்கும் அதே பூங்கொத்துப் படம், அதே 'காங்கிராட்ஸ்'. கைபேசி எடுத்துக் கொடுப்பதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய பழைய ஆங்கில டீச்சர் மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார். அவள் அம்மா காட்டினார்: 'யூ ஹேவ் கம் எ லாங் வே.' எவ்வளவோ தாண்டி வந்திருக்கிறாய். இதையே 'யூ கேம் எ லாங் வே' என்று மாற்றிப் பாருங்கள். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல ஆகிவிடும். 'யூ ஹேவ் ஏர்ன்ட் இட்', 'யூ ஹேவ் மேட் அஸ் ப்ரௌட்' என்று, மனம்விட்டுப் பாராட்டும்போது ஆங்கிலம் அடிக்கடி இந்த 'ஹேவ்' பக்கம்தான் போகிறது. செய்த காரியம் என்றைக்கோ முடிந்திருக்கலாம். அதன் பலனோடு இவள் இப்போது என் எதிரே நிற்கிறாள் என்பதுதான் சேதி.

இந்த 'ஹேவ்' பேச்சை எடுத்தால் நான் எந்தப் புத்தகத்துக்கு வரப்போகிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்', 1985இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. விரித்த இரண்டு பக்கத்துக்குள் பாடம் முடிந்துவிடும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் விதிதான் முன்னால் நிற்கும். மர்ஃபியோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனைக் காட்டுகிறார். சாவி இன்னும் கிடைக்கவில்லை, அதனால் 'ஹேஸ் லாஸ்ட்'. கிடைத்துவிட்டதா, வெறும் 'லாஸ்ட்'. பள்ளிக்கூடத்தில் 'சின்ஸ்', 'ஃபார்' என்று கோடிட்ட இடம் நிரப்பி நிரப்பியும் பிடிபடாத இந்த 'ஹேவ்', அதாவது ப்ரசன்ட் பர்ஃபெக்ட், எனக்கு அந்தச் சாவியில்தான் பிடிபட்டது. எந்தப் பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போனாலும் இதைத்தான் வாங்குகிறேன்.

ப்ரசன்ட் பர்ஃபெக்ட்டின் இந்த நுட்பம் தமிழில் நமக்கு அந்நியமே இல்லை. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதானே 'நன்றாக எழுதியிருக்கிறாய்' என்கிறோம்? ஓரிடத்தில்தான் இரண்டு மொழியும் பிரிகின்றன. 'அப்பா நேற்றே பணம் கட்டியிருக்கிறார்' என்பது தமிழில் சரி; ரசீதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேஸ்' வராது. 'மை ஃபாதர் ஹேஸ் பெய்ட் தி ஃபீஸ் எஸ்டர்டே' என்று எழுதும் பையனுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி, அரை மதிப்பெண் போச்சு, விளக்கம் கிடையாது. இதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. அவன் அசட்டையாக எழுதவில்லை. தாய்மொழியின் இலக்கணத்தைச் சுத்தமாகக் கடைப்பிடித்திருக்கிறான். முதலில் அதை அவனிடம் சொல்ல வேண்டும். பிறகு, நேற்று என்று நாள் குறித்ததுமே ஆங்கிலத்தில் அந்தக் காரியம் நேற்றோடு நின்றுவிடுகிறது, அதனால் வெறும் 'பெய்ட்' போதும் என்று இரண்டு நிமிடம் பேசினால், அடுத்த தாளில் அவனே திருத்திக்கொள்வான்.