புலிராஜாவின் வீட்டுக்காரி



புலிராஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். இருபது வருடங்களுக்கு முன்னால் சுவரெல்லாம் அவர்தான், டீக்கடைப் பேச்செல்லாம் அவர்தான். ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரத்தை வைத்து நாம் அடிக்காத கிண்டல் இல்லை. கிண்டலோடு கிண்டலாக, வீட்டில் உச்சரிக்கக் கூசிய சில சொற்கள் வாயில் புழங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஆனால் அந்தப் பேச்சுகளில் புலிராஜாவின் வீட்டுக்காரிக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

சென்ற மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்தை அவள்தான் எழுதியிருக்கிறாளோ என்று தோன்றியது. பெயர் இல்லை, ஊர் இல்லை. கணவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே சீழ். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். அடங்கிவிட்டு மறுபடி வந்திருக்கிறது. பிறகு டாக்டரிடம் போய், இப்போது சரியாகிவிட்டதாம். “எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? அவர்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?” என்று முடித்திருக்கிறார்.

போகணும் தாயே, இந்த வாரமே போங்கள். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய இடம். வெட்டை நோய் ஆணை எரிச்சலும் சீழுமாகச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். அதே கிருமியும், அதன் கூட்டாளியான கிளமிடியாவும் பெண்ணிடம் பெரும்பாலும் சத்தமே காட்டாது. உள்ளுக்குள் கருக்குழாய்வரை ஏறி அதை அடைத்துவிடக்கூடும். பிறகு குழந்தை தங்கவில்லை என்றால் ஊர் யாரைக் குறை சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் மருந்துகளை நிறம் பிரித்துப் பொட்டலமாக வைத்திருப்பார்கள். இப்படிச் சீழோடு வருகிறவருக்குச் சாம்பல் நிறப் பொட்டலம். உள்ளே அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். ஒரே வேளையில் விழுங்க வேண்டியது. தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனைவிக்கும் அதே பொட்டலம் உண்டு. இதைப் படித்துவிட்டு நீங்களே கடையில் வாங்கிவிடாதீர்கள். கர்ப்பம், ஒவ்வாமை எல்லாம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் கிருமி மற்றவரிடம் காத்திருந்து திரும்பி வரும். அதனால் இருவரும் சாப்பிட்ட பிறகு ஏழு நாள் தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். அவர் திங்கட்கிழமையும் நீங்கள் வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டால் கணக்கு வெள்ளியிலிருந்துதான்.

அந்த ஏழு நாளை எப்படி வாங்குவது? இதற்கு மாத்திரை கிடையாது. பழியை டாக்டர் மேல் போடுங்கள் என்பேன். ‘டாக்டரம்மா ஒரு வாரம் தனியா படுக்கச் சொன்னாங்க’ என்ற வாக்கியத்துக்கு நம் வீடுகளில் இன்னும் மரியாதை இருக்கிறது. மருத்துவமனை ஆலோசகரிடம் சொன்னால் கணவரை வரவழைத்து அவரே பேசுவார். பேச்சு அடியில் முடியும் என்று பயமிருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஆணுறை விஷயத்தில் நம் பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். 1968-இல் அரசின் நிரோத் ஆணுறை வந்ததிலிருந்து அதைப் பிள்ளை வேண்டாம் என்பவர்களின் சாதனமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இரண்டு பிள்ளை பெற்று, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆன பெண்ணுக்கு ஆணுறையைக் கேட்க ஒரு சாக்குகூட மிஞ்சவில்லை. கேட்டால், ‘என்னைச் சந்தேகப்படுறியா?’ ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது என்பதை மகப்பேறு வார்டிலேயே சொல்லி அனுப்பினால் என்ன? இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது: தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை பலமிழந்து கிழிந்துவிடும். வாசலினும் அப்படியே. பாதுகாப்புக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் தப்பு, உரசியே கிழியும்.

எல்லா நோயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிபிலிஸில் வலியில்லாத புண் வரும், மருந்தில்லாமலே ஆறும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், பென்சிலின் ஊசியில் குணமாகும். ஹெர்ப்பிஸ் முழுதாகப் போகாது. கொப்புளம் இருக்கும் நாட்களில் விலகியிருப்பதும், டாக்டர் சொன்னால் தினசரி மாத்திரையும் துணைவருக்குப் பரவும் வாய்ப்பைக் குறைக்கும். கணவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்றால் மனைவி பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குப் பிறந்தவுடன் போடுகிற அதே தடுப்பூசிதான்.

நோயின் பெயர் தெரிவதற்கு முன் சண்டையை ஆரம்பிக்காதீர்கள். வெட்டை என்றால் பெரும்பாலும் சமீபத்திய சங்கதி. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஹெர்ப்பிஸோ எச்.பி.வி. என்ற வைரஸோ பல வருடம் உறங்கிவிட்டு வெளிவரும். ஹெபடைட்டிஸ் பி தாயிடமிருந்தே வந்திருக்கலாம். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோயும் அல்ல.

எச்.ஐ.வி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையில் சென்னைக்குப் பங்குண்டு. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் 1986-இல் இங்கேதான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 25 ஆண்டு கழித்து, ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் கவனித்த ஆய்வின் முடிவு வந்தது. அந்த ஜோடிகளில் சென்னைக்காரர்களும் உண்டு. வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அங்கேயே நின்றால், உடலுறவில் அது பரவாது என்பது அடுத்து வந்த ஆய்வுகளில் உறுதியானது. 2017 முதல் நம் நாட்டில் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குகிறார்கள், அரசு மையங்களில் இலவசமாக. ஆக, ‘இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?’ என்று கேட்கும் மனைவி தன்னையும் காத்துக்கொள்கிறாள். வைரஸ் இறங்கும்வரை ஆணுறை கட்டாயம். அது கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 28 நாள் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். விடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ‘பரம்பரை வைத்தியர், மாதம் ஒருமுறை லாட்ஜில் சந்திக்கலாம்’ என்று ஒட்டியிருப்பார்களே, அந்தப் பக்கம் மட்டும் உங்கள் வீட்டுக்காரரைப் போக விடாதீர்கள். பணம் போனால் போகிறது, சிகிச்சைக்கான நாட்களும் சேர்ந்து போகும்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், முடிவை உங்களிடம்தான் சொல்வார்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் பேசலாம்; கட்டணமில்லை, பெயர் சொல்லத் தேவையில்லை. கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், இப்போது போலவே பெயரும் ஊரும் இல்லாமல் எழுதட்டும். பால்வினை நோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு இதே பக்கத்தில் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்