குழாய் செய்கிறவர்களுக்குச் சங்கம் எதற்கு?



உற்பத்தியாளர் சங்கம் என்றாலே வரியைக் குறை, மின்கட்டணத்தைக் குறை என்று மனு கொடுப்பது என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. பாண்டியில் வாங்கிய அரை இஞ்ச் குழாய் கோவையில் போட்ட பைப்பிலும் ஏறுகிறதே, எப்படி? 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் திருகு மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்றார். பட்டறைகள் மெல்ல ஒத்துக்கொண்டன. (திருகு பாடம் நினைவிருக்கிறதா?) நம் நாட்டிலும் பித்தளைக் குழாய்களுக்கு ஐ.எஸ். 781 என்ற தரம் உண்டு.

பழைய குழாய் ஒழுகினால் ஒரு வாசர் போதும். இப்போது வரும் கால் சுற்றுக் குழாயில் கார்ட்ரிட்ஜ் போனால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டும். பல் எண்ணிக்கை, உயரம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிடைக்காவிட்டால் நல்ல பித்தளைக் குழாயையே கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதுதான்.

கார்ட்ரிட்ஜுக்கும் ஒரே அளவு வேண்டும் என்கிறேன். தனி ஒரு கம்பெனி இதற்கு முன்வராது. அடுத்தவன் பாகம் பொருந்தினால் தன் வியாபாரம் போய்விடுமே! எல்லாரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். கூட முடியாதா என்ன? கோவைச் சிறுதொழில்காரர்கள் 1969-லேயே கொடிசியா தொடங்கினார்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.