சீஸ் கேக்குக்கு நம்ம பாலே போதும்

சீஸ் கேக் என்றாலே கிரீம் சீஸ் டப்பா வேணும்னு யூடியூப்பில் சொல்றாங்க. அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, விலையும் நமக்குக் கட்டாது. வட்டவளைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறோம். விடிஞ்சதும் பாலைச் சேகரிக்க வர்றவருக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் பால்மா டீ குடிக்கிறோம். 2022இல் அந்தப் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம்! ஒருநாளைக்கு ஒன்றரை லீட்டரை வீட்டுக்கே நிறுத்துங்க என்பதுதான் எங்கள் கட்சி.

அதைத் தயிராக்கி (இந்த மழைக்குளிரில் சுணங்கித்தான் உறையும், அடுப்படியில் வைங்க), துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அரைக்கிலோ கெட்டித் தயிர் கிடைக்கும். அதில் 2 மஞ்சள் கரு, 100 கிராம் சீனி, 2 மேசைக்கரண்டி சோளமா சேருங்க. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலக்கணும். கேக் லேசாவது இங்கேதான், அவசரப்பட்டால் நுரை அடங்கிவிடும். அடியில் பட்டர் சேர்த்த மாரி பிஸ்கட் தூள். வெந்நீர்த் தட்டில் வைத்து 160 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 45 நிமிடம். நடு கொஞ்சம் ஆடும்போதே ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிட்டால் வெடிக்காது. ஓவன் இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் கேக் மாதிரி பேக்கரியில் கேட்டுப் பாருங்க.

மேலே ஊற்ற நுவரெலியா ஸ்ட்ரோபெரி நல்லதுதான், ஆனால் அது டூரிஸ்ட் விலை. மரத்தக்காளியை வெந்நீரில் போட்டு, கசக்கிற தோலை உரிச்சு, சீனியோடு காய்ச்சி வடிகட்டுங்க. கருஞ்சிவப்பா, புளிப்பா சோஸ் வரும். டின்னில் வர்ற புளூபெரிக்கு அந்தப் புளிப்பு கிடையாது.