கெடு நீண்டது... வட்டி நின்றதா? வருமான வரிக் கணக்கில் பலரும் கவனிக்காத விஷயம்!

மாதச் சம்பளக்காரர்கள், பென்ஷன்தாரர்கள் வீடுகளில் ஜூலை 31 முக்கியமான தேதி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் அதுதான். 2025-ல் அந்தத் தேதி முதலில் செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. பிறகு, செப்டம்பர் 15 இரவில் இன்னும் ஒரு நாள் சேர்த்து 16 ஆனது. 'அப்பாடா, ஒன்றரை மாதம் கூடுதலாகக் கிடைத்தது' என்று நிம்மதி அடைந்தவர்கள் பலர்.

ஆனால், நீண்டது கணக்கு தாக்கல் செய்வதற்கான கெடு மட்டும்தான். வரி பாக்கி வைத்திருந்தவர்களில் பலருக்கு அந்த ஒன்றரை மாதமும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஏன் இந்தத் தாமதம்?

2024 நாடாளுமன்றத் தேர்தல் ஆண்டு என்பதால், பிப்ரவரி 1-ம் தேதி இடைக்கால பட்ஜெட் மட்டுமே தாக்கலானது. முழு பட்ஜெட் ஜூலை 23-ம் தேதிதான் வந்தது. நிதி ஆண்டு தொடங்கி நான்கு மாதங்கள் முடியப்போகும் நேரம் அது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த மூலதன ஆதாய வரி மாற்றங்கள் அடுத்த ஏப்ரலில் இருந்து அல்ல, அன்றைய தினத்தில் இருந்தே அமலுக்கு வந்தன.

பங்குகள், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் குறுகியகால ஆதாயத்துக்கான வரி 15 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமானது. நீண்டகால ஆதாயத்துக்கான வரி 10 சதவிகிதத்திலிருந்து 12.5 சதவிகிதமானது. நீண்டகால ஆதாயத்தில் வரி இல்லாத வரம்பு 1 லட்சம் ரூபாயிலிருந்து 1.25 லட்சமாக உயர்ந்தது. வீடு, மனை விற்பவர்களுக்கு இருந்த 'இண்டெக்சேஷன்' எனப்படும் பணவீக்கச் சரிகட்டல் நீக்கப்பட்டு, 12.5 சதவிகித வரி என்றானது.

இந்தக் கடைசி மாற்றத்துக்கு எதிர்ப்பு எழவே, ஆகஸ்ட் மாதம் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு, மனையை அதற்குப் பிறகு விற்கும் இந்தியவாசிகள், 12.5 சதவிகிதம், இண்டெக்சேஷனுடன் 20 சதவிகிதம் என இரண்டு வகையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம் என்றானது.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 2010-11-ல் 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டை ஒருவர் 2024 டிசம்பரில் 50 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இண்டெக்சேஷன் இல்லாமல் பார்த்தால் லாபம் 30 லட்சம். வரி 3,75,000 ரூபாய். பணவீக்கக் குறியீடு 2010-11-க்கு 167, 2024-25-க்கு 363. இதை வைத்துச் சரிகட்டினால் வீட்டின் அடக்க விலை சுமார் 43.47 லட்சமாகிறது. லாபம் சுமார் 6.53 லட்சம், 20 சதவிகித வரி சுமார் 1,30,500 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 2.44 லட்சம்! செஸ் தனி.

ஆக, ஒரே நிதி ஆண்டுக்குள் ஜூலை 23-க்கு முன் ஒரு விகிதம், பின் ஒரு விகிதம் என்றாகிவிட்டது. படிவமும் இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மென்பொருளும் இரண்டு வகையிலும் கணக்குப் போட வேண்டும்.

படிவம் வந்தது எப்போது?

முந்தைய ஆண்டில், அதாவது 2024-ல், ஐ.டி.ஆர்-1, 2, 4 ஆகிய படிவங்கள் ஏப்ரல் 1-ம் தேதியே போர்ட்டலில் தயாராக இருந்தன. 2025-ல் படிவங்களே ஏப்ரல் கடைசியில் இருந்து மே மாதத்துக்குள்தான் அறிவிக்கப்பட்டன. படிவங்களின் அமைப்பிலும் உள்ளடக்கத்திலும் செய்த மாற்றங்களையும், போர்ட்டலைத் தயார்படுத்தத் தேவைப்படும் அவகாசத்தையும் காரணம் காட்டி, மே 27-ம் தேதி மத்திய நேரடி வரிகள் வாரியம் கெடுவை நீட்டித்தது.

எளிய படிவங்களான ஐ.டி.ஆர்-1, 4-க்கான எக்ஸெல் மென்பொருள் மே கடைசியில் வந்துவிட்டது. பங்கு, வீடு விற்றவர்கள் பயன்படுத்தும் ஐ.டி.ஆர்-2-க்கான மென்பொருள் வந்தது ஜூலை 11-ம் தேதி. பழைய கெடு மாறாமல் இருந்திருந்தால், இவர்களுக்குக் கிடைத்திருப்பது வெறும் 20 நாள்கள்தான். சட்டத் திருத்தம் முடிந்தது 2024 ஆகஸ்ட். அதற்கேற்ற மென்பொருள் கைக்கு வந்தது 2025 ஜூலை. இடையில் ஏறத்தாழ 11 மாதங்கள்! பட்ஜெட் தாமதமானதற்குத் தேர்தல் காரணம். இந்த 11 மாதங்களுக்குத் தேர்தலைக் காரணம் சொல்ல முடியாது.

இது முதல் முறை அல்ல!

மென்பொருளால் வரிதாரர்கள் சிக்கலில் மாட்டியது இதற்கு முந்தைய ஆண்டும் நடந்தது. 2024 ஜூலை 5-ம் தேதி போர்ட்டலின் மென்பொருள் மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு, சில வகை ஆதாயங்களுக்கு 87ஏ பிரிவின் கீழ் வரித் தள்ளுபடி கேட்கவே முடியாமல் போனது. அதற்கு முன்பு தாக்கல் செய்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஒரே சட்டம், ஒரே ஆண்டு, ஆனால் தாக்கல் செய்த தேதியைப் பொறுத்து வேறு வேறு விடை.

விவகாரம் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, தாமதக் கணக்குக்கான கெடு 2024 டிசம்பர் 31-லிருந்து 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. பிறகு, 2025 நிதிச் சட்டத்தில் அந்தத் தள்ளுபடி இத்தகைய ஆதாயங்களுக்குக் கிடையாது என்று அரசு தெளிவாக எழுதிவிட்டது.

கெடு நீட்டிப்பு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது?

நீட்டித்த தேதிக்குள் தாக்கல் செய்தவர்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. பழைய வரி முறையைத் தேர்வு செய்யும் உரிமை போகாது. பங்கு விற்பனையில் வந்த நஷ்டத்தை அடுத்து வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். 234ஏ பிரிவின்படி தாமதத் தாக்கலுக்கான வட்டியும் கிடையாது.

ஆனால், 234பி என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. டி.டி.எஸ் போக 10,000 ரூபாயோ, அதற்கு மேலோ வரி வந்தால், நிதி ஆண்டுக்குள்ளேயே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். அதில் 90 சதவிகிதம்கூடக் கட்டாதவர்களுக்கு ஏப்ரல் 1-லிருந்து, வரியைக் கட்டும் வரை மாதம் 1 சதவிகித வட்டி உண்டு. தாக்கல் தேதி நீண்டாலும் இது நிற்காது.

டி.டி.எஸ் போக ஒருவருக்கு 40,000 ரூபாய் பாக்கி, அட்வான்ஸ் டாக்ஸ் எதுவும் கட்டவில்லை என்றால், ஜூலையில் கட்டியிருந்தால் இந்த வட்டி 1,600 ரூபாய். 'இன்னும் நாள் இருக்கிறதே' என்று செப்டம்பரில் கட்டியிருந்தால் 2,400 ரூபாய். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதைக் கடந்த மூத்த குடிமக்களுக்கு மட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது. அதனால் இந்த வட்டியும் கிடையாது.

ரீஃபண்ட் வர வேண்டியவர்களுக்கு அரசும் வட்டி தருகிறது. கெடுவுக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. ஆனால், விகிதம் மாதம் 0.5 சதவிகிதம். நாம் தாமதித்தால் 1; அரசு தாமதித்தால் அரை! ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த அரையும் கிடையாது. வந்த வட்டியை அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்டி அதற்கும் வரி கட்ட வேண்டும்.

தவறவிட்டவர்கள் என்ன செய்யலாம்?

செப்டம்பர் 16-ஐத் தவறவிட்டவர்களுக்குத் தாமதக் கணக்கு தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் கட்டணம் 5,000 ரூபாய். அதற்குள் என்றால் 1,000 ரூபாய். பாக்கி வரிக்கு 234ஏ வட்டி மாதம் 1 சதவிகிதம் தனியாகச் சேரும். சம்பளக்காரர்களுக்குப் பழைய வரி முறை கிடைக்காது. வீட்டுக் கடன் வட்டி, 80சி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு இதுதான் பெரிய இழப்பு.

அவசரத்தில் தாக்கல் செய்தவர்கள் ஒருமுறை திரும்பப் பார்த்துவிடுவது நல்லது. முக்கியமாக, விற்ற தேதி ஜூலை 23-க்கு முன்பா, பின்பா என்பது சரியாகப் பதிவாகியிருக்கிறதா, வீடு விற்றவர்களுக்கு இரண்டு வகைக் கணக்கில் குறைவானது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் திருத்திய கணக்கு தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. அதற்குப் பிறகு இருப்பது 'ஐ.டி.ஆர்-யு' மட்டும்தான். அதில் கூடுதல் வரி உண்டு. ரீஃபண்ட் கேட்க முடியாது.

தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி போன்ற வழிகளில் சரிபார்ப்பு முடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த முறை...

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருகிறது. எனவே, படிவங்கள் மீண்டும் மாறும்; மென்பொருளும் மாறும். அது எப்போது தயாராகும் என்பது நம் கையில் இல்லை. பத்திர நகல், பங்குத் தரகு நிறுவனத்தின் ஆதாய அறிக்கை, வங்கி வட்டிச் சான்று ஆகியவற்றை ஏப்ரலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது ஒன்று. வரியைக் கட்டுவதற்குப் படிவம் வர வேண்டும் என்பதில்லை. போர்ட்டலில் 'இ-பே டாக்ஸ்' பகுதிக்குப் போய், 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்' என்ற வகையில் உத்தேசக் கணக்குப்படி ஏப்ரல் மாதமே பணத்தைக் கட்டிவிடலாம். அதற்கு மேல் 234பி வட்டி ஏறாது. படிவம் வந்ததும் அந்தச் சலான் விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். கூடுதலாகக் கட்டியிருந்தால் ரீஃபண்டாகத் திரும்பிவரும்.