முதியோர் நலம் யார் பொறுப்பு?

ஆண்டுக்கு இருமுறை வீட்டு வாயிலுக்கு மதிப்பீட்டு வரிச் சீட்டு தவறாமல் வந்து சேர்கிறது. அவ்வீட்டின் மதிப்பு இன்னதென்று நகராண்மைக் கழகம் நன்கறியும். ஆனால், அதே வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை என்பதை அது அறியுமா? அறியும் கடமைதான் அதற்கு உண்டா? "அது சமூகநல இலாகாவின் வேலை" என்பதே மலேசியாவில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை. அவ்விடை பிழையானது. 2030-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 அகவையைக் கடந்தோராய் இருப்பர் என்று கணிக்கப்பட்டுள்ள நாட்டில், அவ்விடை இனிச் செல்லவும் செல்லாது.

இப்பிழையின் வேர் பழையது. 1946-இல் மலாயாவில் ஆங்கில ஆட்சியினர் சமூகநல இலாகாவை நிறுவியபோது, அதை நடுவண் நிருவாகத்தின் கீழ் வைத்தனர். ஈராண்டு கழித்து, 1948-இல், தம் சொந்த நாட்டில் தேசிய உதவிச் சட்டத்தை இயற்றியபோதோ, உறைவிடமும் கவனிப்பும் தேவைப்படும் முதியோரைப் பேணும் கடமையை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தனர். தம் மக்களுக்கு ஒரு முறை. ஆளப்பட்ட மக்களுக்கு மற்றொரு முறை! ஆண்டவர்கள் போய்விட்டனர்; அவர்கள் வைத்துச் சென்ற முறை மட்டும் போகவில்லை.

தோட்டப்புற வாழ்வில் முதியோருக்குச் சட்டம் அளித்த காப்பு குறைவே. எனினும், லயத்து வரிசையில் ஒரு கதவு காலையில் திறக்கவில்லையெனில், அடுத்த வீட்டார் தட்டிப் பார்ப்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான பின்னர், பால்மரம் சீவிய கைகள் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒடுங்கின. அங்கே மின்தூக்கி பழுதானால், மேல்மாடியில் வாழும் முதியவருக்கு வீடே சிறை. லயம் தந்த காப்பு போயிற்று. அதற்கு ஈடாக எந்த மன்றமும் எதையும் தரவில்லை.

இந்நிலையில் மன்றங்களின் சேவைகள் விரைந்து மாறிவருகின்றன. வரி, உரிமம், வாகன நிறுத்தக் கட்டணம், முறையீடு எனப் பலவும் கைத்தொலைபேசிச் செயலிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. இளைஞர்க்கு இது வசதி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால், தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே பயின்று, மலாய்ப் படிவத்தை வாசிக்கத் திணறும் எழுபது அகவைத் தொழிலாளிக்கு, முகப்பில் அமர்ந்திருக்கும் ஓர் ஊழியரே அரசாங்கத்தின் முகம். அம்முகத்தையும் மறைத்துவிட்டால் அவர் யாரிடம் பேசுவார்?

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு.

முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பது முதல் மறுப்பு. கடமையே, ஐயமில்லை. ஆயின், பிள்ளையில்லாதவர் என் செய்வார்? பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ சென்றுவிட்ட மகன், ஊரில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடியை எங்ஙனம் மாற்றுவான்? மகனின் அன்பு நடைபாதை அமைக்காது. அதை அமைக்க வேண்டியது மன்றமே.

சட்டம் இடந்தரவில்லை என்பது இரண்டாவது. கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டிப் பார்க்கட்டும். சமூகநலம் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது; ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 101-ஆம் பிரிவில் பொதுமக்களின் பாதுகாப்பு, உடல்நலம், வசதி ஆகியவற்றுக்குத் தேவையானவற்றைச் செய்ய மன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. முதியவர் பொதுமக்களில் ஒருவர் அல்லரோ?

பணமில்லை என்பது மூன்றாவது. தகுதியுள்ள ஏழை முதியோர்க்கான மாத உதவித்தொகையை 600 வெள்ளியாக உயர்த்தும் அறிவிப்பு 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. அது வரவேற்கத்தக்கது. ஆனால், பணம் ஒருவரைக் கைபிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாது. மன்றத்திடம் கேட்கப்படுவது பெருஞ்செல்வம் அன்று: தனித்து வாழும் முதியோர் பற்றிய பதிவேடு, அவர்களைச் சென்று காணும் ஓர் அலுவலர், மருந்தகத்துக்கு ஒரு சிற்றுந்து, மூடிய சாக்கடை, மூடப்படாத முகப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் முதியோர்க்கு உகந்த நகரங்களின் வலையமைப்பில் தைப்பிங் இடம்பெற்றுள்ளது. தைப்பிங்கால் இயன்ற முயற்சி ஏனைய ஊர்களுக்கு ஏன் இயலாது?

கடமையைக் கொடுத்துப் பொருளைக் கொடாமல் விடுவதும் தீங்கே. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துடையவர் பராமரிப்புச் செலவுக்கு மன்றத்தின் உதவி பெறுவதில்லை. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அவ்வெல்லை 2010 முதல் உயர்த்தப்படவில்லை. ஆகவே, கடமையும் அதற்குரிய மானியமும் ஒரே சட்டத்தில் இணைந்து வரவேண்டும்.

எல்லாவற்றிற்கும் அடியில் மற்றொரு குறை உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் அத்தேர்தல்கள் மீண்டும் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ அவற்றை அறவே நீக்கி, 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்க வழிசெய்தது. வாக்குக் கேட்டுப் படியேற வேண்டாத உறுப்பினருக்கு, படியிறங்க இயலாத முதியவரின் துன்பம் எங்ஙனம் தெரியும்? தேர்தல் திரும்பும் வரை, ஒவ்வொரு மன்றத்திலும் ஓரிடமாவது முதியோருக்காகப் பேசுபவர்க்கு ஒதுக்கப்படல் வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாநில அரசின் மனமே தேவை.

தமிழாசிரியர்க்கும் இதில் பணி உண்டு. அலுவல் கடிதம் எழுதும் பயிற்சியில் மாணவர்கள் கற்பனை முகவரிக்குக் கற்பனைக் குறைகளை எழுதிப் பழகுகின்றனர். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் உண்மைக் குறையைக் கேட்டுத் தமிழில் எழுதி, அதையே மலாயில் பெயர்த்து மன்றத்துக்கு அனுப்பட்டும். அக்கடிதத்தால் மொழியும் வளரும். ஒரு சாக்கடைக்கு மூடியும் கிடைக்கும். இன்று அம்மூடி தாத்தாவுக்கு. ஐம்பது ஆண்டுகள் கழித்து அது கடிதம் எழுதிய மாணவனுக்கே.