த்ரீ நாட் த்ரீயை உருக்காதீங்கய்யா!

டிஸ்கி: எங்கிட்ட துப்பாக்கி கிடையாது. காவல்துறை நண்பர்கள் யாராவது படிச்சா ஒரு டீ குடிச்சிட்டு நிம்மதியா போகலாம். என் "சேகரிப்பு" மொத்தமே ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி, ஒரு புல்-த்ரூ கயிறு, நைஞ்சு போன தோல் வார் ஒண்ணு, பயிற்சிக் கையேடு ரெண்டு, ரெண்டு ஷூ பெட்டி நிறைய போட்டோ. அவ்வளவுதான் :-)

இருந்தாலும் திட்டு விழுது. போன வாரம் கல்யாணத்துக்குப் போன இடத்துல சொந்தக்காரர் ஒருத்தர், "உப்புச் சத்தியாகிரகம்னு பேசற கடற்கரையில உக்காந்துக்கிட்டு துப்பாக்கிப் படம் சேக்கறியே, வெக்கமா இல்லை?"ன்னு பந்தியிலேயே ஆரம்பிச்சிட்டார். பாயசம் வர்ற வரைக்கும் பொறுமையா கேட்டுக்கிட்டேன். இன்னொரு பக்கம் ஒரு தம்பி, "சூப்பர்ணே, அமெரிக்கா மாதிரி எல்லாருக்கும் லைசென்ஸ் கொடுக்கணும்"னு தோள்ல கை போடறான். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. தம்பி, கையை எடு. எனக்குச் சுடற ஆசை கிடையாது. நான் கேக்கறது வேற.

முதல்ல தெரியாதவங்களுக்கு. போல்ட் ஆக்‌ஷன்னா பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். தூக்கு, பின்னால இழு, முன்னால தள்ளு, மடக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் இதே வேலை. நம்ம ஊர்ல "த்ரீ நாட் த்ரீ"ன்னு சொல்ற லீ-என்ஃபீல்ட் இந்த ஜாதி. 1907-ல வந்த மார்க் 3 மாடல்தான் ரெண்டு உலகப் போரையும் பார்த்தது. அதையே வங்காளத்துல இச்சாப்பூர் தொழிற்சாலையில நம்ம ஆளுங்க செஞ்சாங்க. அப்புறம் அதே துப்பாக்கி நம்ம ஸ்டேஷன் வாசல்ல, பேங்க் வாசல்ல, தேர்தல் பூத் வாசல்ல, பாரா நின்ன ஏட்டையா தோள்ல தொங்கிச்சு. நாலு கிலோ எடை. எங்க பெரியப்பா ஆயுதப்படையில இருந்தவர், சாகற வரைக்கும் இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியே இருந்துச்சு.

இந்தத் துப்பாக்கியைப் படிக்கலாம்ங்க, அதுதான் விஷயம். இச்சாப்பூர்ல செஞ்சதுல போல்ட் கைப்பிடிக்குக் கீழே பக்கவாட்டுல ஒரு கிரீடம், அடியில ஜி.ஆர்.ஐ.ன்னு மூணு எழுத்து. ஜார்ஜ் மன்னர், சக்கரவர்த்தின்னு அர்த்தம். அதுக்குக் கீழே ஊர் பேரு, வருஷம். சுதந்திரத்துக்கு அப்புறம் செஞ்சதுல அதே இடத்துல கிரீடம் போயி அசோகர் சிங்கம் உக்காந்திருக்கும். ஆட்சி மாறினதை உள்ளங்கை அகல இரும்புல பார்க்கலாம். 1962-ல சீனாகிட்ட அடி வாங்கினதுக்கு அப்புறம் அதே தாழ்ப்பாளை வச்சுக்கிட்டு, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏத்த மாதிரி, பன்னெண்டு குண்டு மேகசினோட 2ஏ, 2ஏ1ன்னு செஞ்சாங்க. பயந்த நாடு அவசர அவசரமா என்ன பண்ணும்ங்கறது அதுல தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது (பிடிச்சதுன்னா கோபம் வர்ற மாதிரி பிடிச்சது) .410 மஸ்கெட். இதுவும் பார்க்க லீ-என்ஃபீல்ட்தான். ஆனா பேரலை அகலப்படுத்தி, பத்து குண்டு போடற இடத்தை மரக்கட்டையால அடைச்சு, ஒத்தைக் குண்டு மட்டும் போடற மாதிரி பண்ணி போலீசுக்கும் ஜெயில் வார்டருக்கும் கொடுத்தாங்க. நம்ம ஆளு கையிலேயே கொடுத்து நம்மளைச் சுடச் சொல்லணும், ஆனா அந்த ஆளையும் முழுசா நம்பக் கூடாது. காலனி ஆட்சியோட மூளையைப் பத்தி பத்துப் பக்கம் எழுதறதை விட அந்த மரக்கட்டையைக் காட்டிடலாம்.

அந்தக் கட்டையை எங்க போய்க் காட்டறது? அதுதான் என் சண்டை.

2020 குடியரசு தின அணிவகுப்போட உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தாங்க, பேப்பர்ல எல்லாம் படம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2008 நவம்பர்ல மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துல ஏகே-47க்கு எதிரே நம்ம ரயில்வே போலீஸ் கையில இருந்தது இதே தாழ்ப்பாள் துப்பாக்கிதான். அதை மாத்த வேண்டியதுதான், யாரும் மறுக்கல. ஆனா மாத்தறதுன்னா நம்ம அரசாங்கத்துக்குத் தெரிஞ்சது ஒரே வழி. "கண்டம்" பண்ணு. உடை. உருக்கு. அதோட அந்தத் துப்பாக்கியின் நம்பர் எழுதின பெல் ஆஃப் ஆர்ம்ஸ் ரிஜிஸ்டரும் பழைய பேப்பராகிப் போகும். எந்த நம்பர் எந்த ஸ்டேஷன்ல இருந்துச்சு, எந்தத் தேதியில யார் கையில போச்சுன்னு சொல்றது அந்த ரிஜிஸ்டர் ஒண்ணுதான்.

இங்கதான் அந்த சத்தியாகிரக சொந்தக்காரருக்கு என் பதில். 1987 செப்டம்பர்ல இடஒதுக்கீடு கேட்டு செத்த 21 பேருக்கு எங்க விழுப்புரத்துல மணிமண்டபம் இருக்கு. 1965 மொழிப் போர்ல செத்தவங்களுக்கு வருஷா வருஷம் ஜனவரி 25 வீரவணக்கம் உண்டு. செத்தவனுக்கு மண்டபம் கட்டறோம். எதிர்ப்பக்கம் நின்ன இரும்பை மட்டும் உருக்கிடறோம். அண்ணாச்சி, துப்பாக்கியை அழிச்சா அகிம்சை வந்துடாது. சாட்சிதான் போகும்.

சரி, அரசாங்கம் வைக்கல, தனியாள் வைக்கலாமான்னா சட்டம் ஒரு தனி காமெடி. .303, 7.62, .410 மஸ்கெட் எல்லாமே ஆயுத விதிகள்ல முதல் வகை, தடை செய்யப்பட்ட ரகம். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின பொருள் தொல்பொருள். ஆக 1915-ல செஞ்ச இச்சாப்பூர் துப்பாக்கி ஒரே நேரத்துல பொக்கிஷமும் குற்றமும். 1959 ஆயுதச் சட்டத்துல 45-வது பிரிவு, பழங்காலத்துப் பொருளா இருந்து, ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாதுன்னா அந்தச் சட்டமே பொருந்தாதுன்னு சொல்லுது. 2020-ல "கியூரியோ" வகை சிறு ஆயுதம் வச்சுக்க லைசென்ஸ் வேண்டாம்னு ஒரு ஜன்னலையும் திறந்தாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு கதவைத் தட்டற எஸ்.ஐ. கிட்ட "ஐயா, 45-வது பிரிவு"ன்னு நான் வகுப்பு எடுக்கவா? எனக்கு அவ்வளவு தைரியம் இல்லைங்க.

விளைவு என்ன தெரியுமா? இச்சாப்பூர் துப்பாக்கி மேல இருக்கற முத்திரைகளை நான் கத்துக்கிட்டதே அமெரிக்கக்காரங்க போட்ட படத்தைப் பார்த்து. நம்ம நாட்டுல இருந்து கழிச்சு விட்டது அங்க கடையில வித்திருக்கு. எங்கேயோ ஒரு மாகாணத்துல ஒரு ரிட்டயர்டு ஆசாமி நம்ம துப்பாக்கிக்கு ஆளி விதை எண்ணெய் தடவி, நம்பர் எழுதி, வரலாறு தேடிக்கிட்டு இருக்கார். மகராசன் நல்லா இருக்கட்டும்.

இங்க ஒரு அருங்காட்சியகத்துல (எதுன்னு சொல்லல) கண்ணாடிக்குள்ள ஒரு லீ-என்ஃபீல்ட். அட்டையில "துப்பாக்கி. 20-ஆம் நூற்றாண்டு". முத்திரை இருக்கற பக்கம் சுவரைப் பார்த்துத் திருப்பி வச்சிருக்காங்க. "கொஞ்சம் திருப்பி வைக்கலாமே"ன்னேன். "எப்படி வச்சாலும் துப்பாக்கிதானே சார்"னார் அங்க இருந்தவர். அவர் மேல தப்பில்லை. சென்னை எழும்பூர்ல பழைய கமிஷனர் ஆபீஸ்ல 2021-ல போலீஸ் மியூசியம் திறந்தாங்க, நல்ல காரியம். ஆனா ஒரு ஊர்ல ஒண்ணு போதுமா?

எங்க ஊரையே எடுத்துக்கங்க. வடக்கே ஆலம்பரை, 1760-ல வெள்ளைக்காரன் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து பிடிச்சு இடிச்ச கோட்டை. தெற்கே பஸ்ல ஒரு மணி நேரத்துல பாண்டிச்சேரி. அங்க சொல்தாக்கள் குடும்பங்கள்ல தாத்தா தூக்கினது த்ரீ நாட் த்ரீ இல்ல, லெபெல், மாஸ்-36 மாதிரி பிரெஞ்சு ரகங்கள். லெபெல்தான் 1886-ல வந்த, புகையில்லா மருந்து போட்ட முதல் ராணுவத் துப்பாக்கி. ஒரே கடற்கரை, ரெண்டு சாம்ராஜ்யம், ரெண்டு தாழ்ப்பாள். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு அறை இல்லை.

கேக்கறது ரொம்ப இல்லை. கண்டம் பண்றதுல ஒவ்வொரு ரகத்துலயும் மாவட்டத்துக்கு ஒண்ணு எடுத்து வைங்க. பேரலை அடைச்சு பற்ற வைங்க, ஊசியை வெட்டிப் போடுங்க, கொலை பண்ண முடியாதபடி பண்ணுங்க. நம்பரை மட்டும் அழிக்காதீங்க. ரிஜிஸ்டரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்க.

வச்சாலும் எங்க ஊர் காத்துல துருப்பிடிக்கும்னு ஒருத்தர் சொன்னார். உப்பளக்காரன்கிட்டயேவா? பழைய .303 தோட்டாவோட அடியில பிரைமர்ல இருந்த பற்றுமருந்து எரிஞ்சா குழலுக்குள்ள மிஞ்சறதும் ஒரு வகை உப்புதான். அது ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளயே அரிக்கும். அதனாலதான் சிப்பாய்ங்க சுட்டு முடிச்சதும் கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்திக் கழுவி, புல்-த்ரூ இழுத்து, எண்ணெய் போட்டாங்க. உலகப் போர் சேத்துலயே காப்பாத்தினதை மரக்காணம் காத்துல காப்பாத்த முடியாதா? என் பித்தளைக் குப்பி மாசம் ஒரு தடவை பச்சை பிடிக்குது, புளி போட்டுத் தேய்ச்சுடறேன்.

என்.சி.சி.ல டி.பி. ரைஃபிள் தூக்கி பரேடு போனவங்க யாராவது இருந்தா, அதுல கிரீடமா சிங்கமா, என்ன வருஷம் போட்டிருந்துச்சுன்னு சொல்லுங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது. மூணாவது ஷூ பெட்டி காலியாத்தான் இருக்கு.