புத்தகப்பையைக் கவிழ்ப்பவர்கள்

பாடசாலை வாசலில் பொலிஸ் நின்றால் நல்லதுதானே, மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று கேட்பவர்கள் இப்போது எங்கள் மத்தியிலும் பெருகிவிட்டார்கள். பள்ளி நிர்வாகிகள், பழைய மாணவர் சங்கத்தார், ஓய்வுபெற்ற அதிபர்கள். இவர்களோடுதான் எனக்கு வழக்கு.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே 6ஆம் திகதி ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. பொலிஸாரும் படையினரும் வகுப்பறைகளைச் சோதித்தார்கள். பெற்றோரும் முறைவைத்து வாசலில் நின்றார்கள். அந்தப் பயம் பொய்யானதல்ல. தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'பை சோதனை அடிப்படை உரிமை மீறல்' என்று வகுப்பெடுக்க என்னால் முடியாது. ஆனால் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பிய மே 13ஆம் திகதியன்றுதான் ஹெட்டிப்பொல, மினுவாங்கொடைப் பக்கங்களில் எங்கள் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. தெருவில் சீருடைகளுக்கும் பஞ்சமிருக்கவில்லை.

அந்த மாதம் என் மகளுக்கு பதினொரு வயது. பெரகலையிலிருந்து பஸ் ஏறிப் போவாள். பாடசாலையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் விவாதம் அந்தப் பாடசாலையைப் பற்றியதாகிவிடும். வாசலில் வரிசை ஒன்றுதான். மற்றப் பிள்ளைகளின் பைக்குள் ஒரு தரம் கைவிட்டுப் பார்ப்பார்கள். பர்தா போட்ட பிள்ளைகளின் பை மட்டும் மேசையில் கவிழ்க்கப்படும். இடியப்பப் பெட்டிக்குள்ளும் கரண்டி போகும். கவிழ்த்தவர் சிங்களப் பொலிஸ்காரரல்ல. எங்கள் தமிழையே பேசும் சிகியூரிட்டி, தோட்டத்து மனிதர். யுத்த காலத்தில் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, தமிழன் என்பதற்காகவே இறக்கி நிறுத்தப்பட்டவர். அதை அவரே என்னிடம் சொன்னார். மேலிடத்து உத்தரவு, கோபித்துக்கொள்ள வேண்டாம் நானா என்றும் சொன்னார். அவரில் எனக்குக் கோபமில்லை. மூன்றாம் நாள் மகள் அவர் கேட்குமுன்பே தானாகப் பையைக் கவிழ்த்துவிட்டுக் கைகட்டி நின்றாளே, அதைக் கற்றுக்கொடுத்த ஏற்பாட்டில்தான் கோபம். ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானது. அவள் அதற்குப் பிறகும் வெகுநாள் வீட்டிலேயே இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியில்லாமல் போனாள்.

சோதிக்கிறவரின் கண்ணுக்கு என்ன பயிற்சி இருக்கிறது? அதே மே மாதம் ஹசலக்கையில், உடையில் கப்பல் சுக்கான் படம் போட்ட ஒரு முஸ்லிம் பெண்ணைத் தர்மச்சக்கரத்தை அவமதித்தாள் என்று பொலிஸ் கைதுசெய்தது. எங்கள் பதுளை மாவட்டத்து மஹியங்கனை நீதிமன்றம் அவரை விளக்கமறியலில் வைத்தது. சுக்கானைச் சக்கரமாகக் கண்ட அதே கண் அரபு எழுத்துள்ள ஓதல் கொப்பியை என்னவாகக் காணும்?

பொலிஸ் நின்றாலே பாதுகாப்பு என்கிறவர்கள் பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஏறிப் பண்டாரவளைக்கு வரட்டும். அங்கே பிந்துனுவெவ இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 காலையில் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஏறத்தாழ 60 பொலிஸார் ஆயுதங்களோடு அங்கே நின்றிருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுக்குள் அவர்களும் விடுதலையானார்கள். இது நம் நாட்டின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் டெக்சாஸிலுள்ள உவால்டியில் பாடசாலைகளுக்கென்றே தனிப் பொலிஸ் பிரிவு இருந்தது. 2022 மே 24 அன்று துப்பாக்கியோடு ஒருவன் ஆரம்பப் பாடசாலைக்குள் நுழைந்தபோது 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். அவனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் எடுத்தார்கள். 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள்.

இப்போது குண்டின் இடத்துக்குப் போதைப்பொருள் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கியபோது கைதானோரின் எண்ணிக்கை நாள்தோறும் கிரிக்கெட் ஓட்டங்கள் மாதிரி வாசிக்கப்பட்டது. பிள்ளைகளின் பைகளைப் பொலிஸ் நாய்கள் மோந்து பார்த்த செய்திகளும் வந்திருக்கின்றன. தூளும் மாத்திரையும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் தின்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் கேட்கிறேன். நாயின் முன்னால் நிறுத்தப்பட்ட பதின்மூன்று வயதுப் பையன் நாளைக்கு எந்த ஆசிரியரிடம் வாய்திறப்பான்? பையைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்தால் வகுப்பாசிரியர் பார்க்கட்டும், தனியாக அழைத்து, உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ அறிவித்துவிட்டு. தோட்டப் பாடசாலைகளுக்கு உளவள ஆலோசனை ஆசிரியரைக் கேட்டு மகஜர் எழுத முன்வராதவர்கள் நாய்க்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இந்த மலையில் பிள்ளைகளைக் கொல்வது எது என்பதும் தெரியாததல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்று காலை பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள்; திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. மண் சரியும் என்ற எச்சரிக்கை 2005இலேயே கொடுக்கப்பட்டிருந்தது. அதற்காக எந்தச் சீருடையும் அந்த லயங்களின் வாசலில் வந்து நிற்கவில்லை.

பொலிஸ் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கொழும்பிலிருந்து வெல்லவாய போகும் வீதியும் ஹப்புத்தளை வீதியும் பிரிகிற பெரகலச் சந்தியில், மூடுபனியில் பஸ்ஸின் விளக்குகூடத் தெரியாத காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் வீதியோரமாக ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். அந்த வளைவில் வாகனங்களை மறித்துப் பிள்ளைகளைக் கடக்கவிட ஒரு பொலிஸ்காரரைத் தாருங்கள். அவர் யாருடைய பையையும் திறக்கத் தேவையில்லை.